ஊதாவை வெளுத்த இலை

தஜிகிஸ்தானின் மலையூரான கோரோக்கில், ஆய்வுக்கூடமொன்றில் ஒர்ஸுமோவின் வேலை முழுக்க இலைகளோடுதான். ஆற்றோரத்து அங்காத் முட்புதரின் இலைகளை உலர்த்திப் பொடித்து, சாராயத்தில் ஊறவைத்துச் சாறெடுப்பாள். ஊதா நிறக் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ, இலையில் அவ்வளவு ஆக்ஸிஜனேற்றத் தடுப்புச் சக்தி.

ஒருநாள் ரொட்டி கொண்டுவந்த கணவன் கதம்ஷோ அதைப் பார்த்துவிட்டான். லாரி ஓட்டுகிறவன். கண்ணில் அப்போதே மஞ்சள் ஏறியிருந்தது.

"என்ன அது?"

"உடம்புல துரு ஏறாம காக்குற சத்துன்னு வச்சுக்குங்க."

"அப்போ இதைக் குடிச்சா என் ஈரலும் வெளுத்துச் சுத்தமாயிடும்னு சொல்லு."

அவளும் சிரித்துவிட்டாள்.

ஈரல் சுருங்கிவிட்டது, உடனே தலைநகர் துஷான்பேயின் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார் ஊர் மருத்துவர். கதம்ஷோ அசையவில்லை. அவனுடைய அண்ணன் அங்கே வைத்தியத்துக்குப் போய்ப் பிணமாகத்தான் திரும்பியிருந்தான். பால் தேநீரை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் இலைக் கஷாயம் குடிக்கத் தொடங்கினான்.

"சோதனைக் குழாய்க்குள்ள நடக்குறது வேற, வயித்துக்குள்ள நடக்குறது வேற," என்று அவள் மன்றாடினாள். "பாதிச் சத்து குடல்லயே சிதைஞ்சுடும். ரத்தத்துக்குப் போறது துளிதான். ஈரலை அது எப்படிங்க சரிபண்ணும்?"

"உன் கையால செஞ்சதை நீயே நம்பலைன்னா எப்படி? சம்பளம் எதுக்குத் தர்றாங்க?"

வீட்டிலிருந்த இலையை ஒளித்துவைத்தாள். அவன் அரிவாளோடு ஆற்றங்கரைக்குப் போனான். பார்க்கிறவர்களிடமெல்லாம் மனைவியின் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்தான்.

வயிறு வீங்கி மூச்சுத் திணறிய பிறகுதான் ஊர்மருத்துவமனைக்குக்கூட வரச் சம்மதித்தான். துஷான்பே பாதையை அப்போது பனிச்சரிவு மூடியிருந்தது. கட்டிலில் ரத்தமாக வாந்தியெடுத்தான். பாதை திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு பீபிநோஸ், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தாள்.

"ஒர்ஸுமோ, எங்க வீட்டுக்காரருக்கும் அதே மஞ்சள்தான். அந்த இலையில கொஞ்சம் கொடேன்."

"அதால ஒண்ணும் ஆகாது அக்கா. அவரைப் பார்த்தீங்கல்ல? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உன் வீட்டுக்காரர் லேட்டா ஆரம்பிச்சாரு, அதான். சீக்கிரமே குடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரு."

"அப்படி இல்லக்கா..."

"தர மனசில்லைன்னா விடு. ஆத்தோரத்துல யாரும் வேலி போட்டு வைக்கல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஒர்ஸுமோ வாசல்வரை பின்னாலேயே போய் இரண்டுமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். பீபிநோஸ் திரும்பவில்லை. தன் வீட்டைத் தாண்டி, ஆற்றங்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.