செங்கடல் வழியாகப் போன பெட்டிகள்

மடிக்கணினித் திரையில் ஒரு பச்சைப் புள்ளி, எங்கள் சரக்கு போகும் கப்பல். ஏடன் வளைகுடாவில் நின்றுபோயிருந்தது. கடைசியாகத் தகவல் வந்து பத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது என்று பக்கத்தில் பொடி எழுத்தில் காட்டியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மேடம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடம் எங்கள் நாவலூர் அலுவலகத்தில் ஏற்றுமதிப் பிரிவின் மேலாளர். நான் அவருக்கு அடுத்த நாற்காலி. எங்கள் கம்பெனி கார்களுக்கான ரப்பர் உதிரிபாகங்களை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டன. சரக்கு போய்ச் சேர இரண்டு வாரம் கூடுதல். அதற்குள் அங்கே வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் கையிருப்பு தீர்ந்துவிடும். உற்பத்தி நின்றால் ஒப்பந்தமும் கைவிட்டுப் போகும். ஒரு சின்னக் கப்பல் கம்பெனி மட்டும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. "வேற வழி இல்லப்பா, இதுலயே போட்டுடு" என்றார் மேடம். ஆறு கன்டெய்னர் பெட்டிகளை நான் பதிவு செய்தேன். கையெழுத்து அவருடையது.

அந்தப் பகுதியைக் கடக்கும்போது, தாக்குபவர்கள் கண்ணில் படாமலிருக்க, இருப்பிடம் காட்டும் கருவியைக் கப்பல்காரர்களே அணைத்துவிடுவதுண்டு. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று காலைச் செய்தியில், அதே கடலில் ஒரு சரக்குக் கப்பல் மீது ஏவுகணை விழுந்ததாகச் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டுப் பெண். முப்பது வயதிருக்கும். அவள் கணவர் கப்பலில் சமையல்காரர் என்று மேடத்துக்குத் தெரியும். எந்தக் கப்பல் என்று கேட்டதில்லை.

"அக்கா, நீங்க ஷிப்பிங் வேலதான பாக்கறீங்க. அவரு ரெண்டு நாளா லைன்லயே வரல. டிவில இன்னான்னமோ சொல்றான். கப்பல் எங்க கீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா."

கப்பல் பெயரைக் கேட்டோம். கணவர் அனுப்பிய படத்தைச் செல்போனில் காட்டினாள். அவருக்குப் பின்னால் வெள்ளை எழுத்தில் பெயர் தெரிந்தது. நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் திரையில் இருந்ததும் அதே கப்பல்தான்.

நான் மடிக்கணினியை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது. மேடம் அதைப் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுதாம்மா. நேத்து மத்தியானத்துலேருந்து சிக்னல் இல்ல. அவங்களே ஆஃப் பண்ணியிருக்கலாம். அடிபட்டது இதுவான்னு எனக்குத் தெரியல." திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "எங்க சரக்கும் இதுலதான் போகுது. நான்தான் இதுல அனுப்பச் சொன்னேன்."

அவள் சத்தம் போடுவாள் என்று பயந்தேன். "நீங்க அனுப்பலன்னாலும் அவரு போய்த்தான இருப்பாரு" என்றாள். பிறகு, அப்போதுதான் தோன்றியதுபோல, "ஆனா யாருமே சரக்கு போடலன்னா கப்பல் அந்தப் பக்கம் போவாதில்லக்கா?" என்று கேட்டாள்.

மேடம் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினொரு மணிப் பேச்சு அவளை அங்கேயே உட்காரவைத்துக்கொண்டுதான் நடந்தது. பெட்டிகள் எங்கே என்று வாடிக்கையாளர் நான்கு முறை கேட்டார். கப்பலில் இருந்த ஆட்களைப் பற்றி ஒரு முறையும் கேட்கவில்லை. அந்த நிமிடம்வரை நானும்தான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அலுவலகத்தில் இருந்தபோது புள்ளி மறுபடி தெரிந்தது. கப்பல் அபாயப் பகுதியைத் தாண்டியிருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேடம் வராந்தாவில் நின்று கீழ்வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அடிபட்டது வேறு கப்பல். அதில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் பிரிவில் யாரும் விசாரிக்கவில்லை.

பெட்டிகள் குறித்த நாளில் சேர்ந்தன. மேலிடத்துக்குச் சந்தோஷம், இனி எல்லாமே அந்தக் கம்பெனியில் போகட்டும் என்றார்கள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார் மேடம். நான்கு வாரச் சரக்கை ஐரோப்பாவிலேயே ஒரு கிடங்கில் முன்கூட்டி வைத்துவிட்டால் கப்பல் சுற்றிப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்கோடு விளக்கினார். இரண்டு மாதம் இழுத்தடித்து ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வருடம் முடிவதற்குள் அவர் கேளம்பாக்கத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் நாற்காலி எனக்கு வந்தது. போன வருடம் ஒரு மாதம் ஆர்டர் திடீரென்று கூடி, கிடங்கு காலியாகும் நிலை வந்தது. செங்கடலில் அப்போதும் முழு அமைதி இல்லை. நான் ஒரே ஒரு முறை அந்தக் கடல் வழியாகவே அனுப்பினேன். கப்பலில் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. பார்த்தால் கையெழுத்துப் போடக் கை வராது என்று தெரியும். அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது; கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள்.

சென்ற மாதம் தாம்பரம் பேருந்து நிலையத்தில் மேடத்தைப் பார்த்தேன். தலைமுடி நன்றாக நரைத்திருந்தது. வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, பஸ் கிளம்பும் நேரத்தில் கேட்டார்:

"இன்னும் சுத்திதான அனுப்பறீங்க?"

"ஆமா மேடம்" என்றேன்.