என் சகலையை எல்லோருக்கும் தெரியும்

ஃபிளக்ஸ் பலகைகள் திருப்பூருக்கு வந்த புதிதில், அவிநாசி சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பின்புறம் என் படம் போட்ட பலகை ஒன்றை வைத்தேன். நீலச் சட்டை, ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த டை, மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். பக்கத்தில் ‘வீட்டுமனை வாங்க, விற்க’ என்று கொட்டை எழுத்து. அந்த வாரத்திலேயே ஒரு மதியம், பலகையைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கமாக வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பலகையின் நிழலில் என் சகலை நின்றிருந்தார். அருகில், தூக்குவாளியோடு வேலைக்குப் போகிற ஒரு கணவனும் மனைவியும். மூன்று பேரும் என் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தத் தம்பதிக்குக் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு மனையை அவர் முடித்துக் கொடுத்தார். எங்கே பழக்கம் என்று கேட்டேன். “பஸ்ஸுக்கு நின்னப்ப பளக்கமுங்ணா. நல்ல நெழலு அங்க,” என்றார். அவர் சொன்னதில் எந்தக் குத்தலும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கணியூர்க்காரர். பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி மூடிவிட்டதும் மனை புரோக்கர் தொழிலுக்கு வந்தார். நானும் ஏறக்குறைய அதே சமயம்தான், சாயப்பட்டறையில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலையை விட்டுவிட்டு அந்தத் தொழிலில் இறங்கினேன். ஊரைச் சுற்றியிருந்த சோளக்காடெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்த காலம். நான் கண்ணாடிக் கதவு வைத்த அலுவலகம் பிடித்தேன். பளபளக்கும் விசிட்டிங் கார்டு அடித்தேன். காலைச் செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைத்து வீடு வீடாகப் போடச் சொன்னேன். அவரிடம் இருந்தவை ஒரு பழைய மொபெட்டும் ஒரு செல்போனும்தான். விசிட்டிங் கார்டு அடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, “கார்டு குடுத்தா வாங்கிப் பையில போட்டுக்கறாங்க, அதோட பேச்சு நின்னு போகுதுங்ணா,” என்றார்.

அவர் செய்ததையெல்லாம் இப்போது வியாபார வகுப்புகளில் பாடமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு அது பாடம் என்றே தெரியாது. மழை நாளில் கம்பெனி விட்டு வருகிறவர்கள் யாராவது நின்றால் மொபெட்டில் ஏற்றிக்கொள்வார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பார், அதற்குத் தரகு வாங்க மாட்டார். மனை வாங்கியவர்கள் வீட்டுக்கு வாஸ்து பூஜை அன்று முதல் ஆளாகப் போய் வாழைமரம் கட்டுவார். மாதங்கள் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல் போன் போட்டு, “பாப்பாவுக்கு இருமல் நின்னுதுங்களா?” என்று கேட்பார். அந்தப் பாப்பாவின் அப்பா தன் கூட வேலை செய்யும் கட்டிங் மாஸ்டரை இவரிடம் அழைத்து வருவார். கட்டிங் மாஸ்டர் தன் மச்சானை அழைத்து வருவார்.

இதில் என்ன மாயம் இருக்கிறது, நானும் செய்கிறேன் என்று நினைத்தேன். ஒரு பெரிய பனியன் கம்பெனிக்கு எதிரில் இருந்த டீக்கடையில், இடைவேளை விடும் நேரத்தில் போய் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக் குடித்தார்கள். மனையைப் பற்றிச் சொன்னேன். “சரிங்க சார், ஊட்ல கேட்டுட்டுச் சொல்றமுங்க,” என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் என் சகலை அந்த வழியாக வந்தார். கடைக்குள் இருந்த ஒருவர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, “அண்ணாச்சி, டீ குடிச்சிட்டுப் போங்க,” என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் டீ வாங்கிக் கொடுத்த இடத்தில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் தன் தம்ளரை அப்படியே என் பக்கம் நீட்டி, “ங்ணா, நீங்க குடிங்க,” என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. வயிறு உண்மையிலேயே எரிந்தது.

வியாபாரத்தில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமனார் வீட்டில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. சேவூரை அடுத்து அவருக்கு ஒரு மேட்டாங்காடு, மழையை நம்பிய நிலம், இருந்தது. அதை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்து மருமகன்கள் இருவரையும் வரச் சொன்னார். நான் மூத்த மருமகன். வேலையை என்னிடம்தான் ஒப்படைப்பார் என்று போகிற வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாமனார் தொண்டையைச் செருமினார்.

“பெரிய மாப்ள கோவிச்சுக்கக் கூடாதுங்க. சின்ன மாப்ளைக்கு நாலு பக்கமும் ஆள் பளக்கம். இத அவரே பாக்கட்டுங்க.”

என் சகலை பதறிப்போய், “ரெண்டு பேருமே பாக்கறமுங்க மாமா,” என்றார். ‘ரெண்டு பேரும்’ என்ற அந்தச் சொல் எனக்குப் பிச்சை போட்டது போல இருந்தது. “வேண்டாமுங்க, அவரே பாக்கட்டும், எனக்கு வேற வேலை கெடக்குது,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்கு எந்த வேலையும் கிடக்கவில்லை. வீடு திரும்பும்போது, ஊருக்குள் நுழைகிற இடத்தில் மனைவி, “எங்கப்பன் சொன்னது எனக்கும் புடிக்கலீங்க. ஆனா நீங்க கடைசியா யார் ஊட்டு விசேசத்துக்குப் போனீங்க, சொல்லுங்க பாக்கலாம்?” என்றாள்.

அந்தக் காடு நல்ல விலைக்குப் போனது. சகலையின் பேர் இன்னும் பரவியது. அப்படிப் பரவிக்கொண்டிருந்த சமயத்தில்தான் கணியூரில் அவருடைய அண்ணன் திடீரென்று இறந்துபோனார். துக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே அதிகம் வந்ததில்லை.

“தோப்பப் பாக்க ஆளில்லீங்ணா. அண்ணிக்கும் பசங்களுக்கும் நான் பக்கத்துல இருக்கோணும். ஊருக்கே போயிரலாம்னு இருக்கறன்,” என்றார். தன் செல்போனைத் திறந்து, சிம் கார்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். “இது இங்கயே இருக்கட்டுங்ணா. எல்லாரும் இந்த நம்பருக்குத்தான் கூப்புடுவாங்க. நீங்க பாத்துக்குங்க.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பல வருடங்களாகப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, அந்த மனிதர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டுப் போகிறார். அவர் சம்பாதித்ததைக் காட்டிலும் அவரால் அதை விட முடிந்தது என்பதுதான் அன்றைக்கு எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த எண்ணுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. மனைக்காக அழைத்தவர்கள் குறைவு. காதுகுத்துக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல அழைத்தார்கள். ஒருவர் தன் மாமியாருக்கு ரத்தம் வேண்டும் என்று அழுதார். நான் யார் என்று சொன்னதும் குரல் இறங்கிவிடும். “அண்ணாச்சி இல்லையா?” என்பார்கள். கணியூர் எண்ணைக் கொடுத்துக் கொடுத்தே எனக்கு அது மனப்பாடமாயிற்று.

ஒரு முறை தையல் வேலை செய்யும் ஒரு பெண் அழைத்தார், தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. “பிள்ளைக படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் கடன் வாங்கி எடம் வாங்காதீகன்னு அண்ணாச்சி சொல்லிருந்தாக. இப்பம் முடிஞ்சிட்டு. வாங்கலாம்னு இருக்கோம். அவுக வந்து எடத்தப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போடுவாக,” என்றார். வாங்க வந்தவரிடம் வாங்காதே என்று சொல்கிற புரோக்கரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கணியூருக்குப் போன் செய்தேன். மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். என்னிடம் இருந்த மனையைப் பார்த்தார், மண்ணை மிதித்துப் பார்த்தார், பக்கத்து வீட்டில் தண்ணீர் வசதியை விசாரித்தார், சரி என்றார். பதிவு அன்று அந்தக் குடும்பம் பத்திர அலுவலக வாசலில் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது. கேமரா என்னிடம் கொடுக்கப்பட்டது. தரகில் பாதியை நான் நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

இப்போது என் தொழில் நன்றாகவே நடக்கிறது. அலுவலகம் பெரிதாகிவிட்டது, வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என் மகள் திருமணத்துக்கு வங்கிக்காரர்களும் பில்டர்களும் காரில் வந்து, மொய்க்கவரைக் கொடுத்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கிளம்பினார்கள். போன மாதம் கணியூரில் சகலையின் மகனுக்குத் திருமணம். திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கினார்கள் தையல்காரர்களும் கட்டிங் மாஸ்டர்களும் டீக்கடைக்காரரும். இறங்கிய கையோடு பெண்கள் சமையற்கட்டுக்குள் நுழைந்து வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் என் வயிறு அதே இடத்தில் எரிந்தது.

“ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?” என்றாள் மனைவி.

“வெயிலு,” என்றேன்.

அப்போது அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கைபோட்டார். “இவருதானுங்க எங்க பெரியவரு. தொழில்ல எனக்கு முன்னாடி நின்னவரு,” என்று எல்லோரிடமும் சொன்னார். “அப்படிங்களா!” என்று ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள், குடும்பத்தை விசாரித்தார்கள், தங்கள் எண்ணைச் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றையும் செல்போனில் பதிந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் நின்று அவர்களின் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.