என் கைப்பேசிக்கு வந்த படங்கள்

என் மகன் சாலையில் எவ்வளவு வேகமாகப் போகிறான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. எந்த நாளில், எந்த இடத்தில் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அவனிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மறதி என்று எண்ணிவிடாதீர்கள். அச்சமும் அல்ல. அந்தப் படங்கள் தொடர்ந்து வரவேண்டும் என்று நான் விரும்பினேன்… அதனால் சொல்லவில்லை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பெருமாட்டிக்குப் பக்கத்தில் தமிழ் வகுப்புகள் உள்ள ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் இறந்த பிறகு எனக்கு மிஞ்சியது கதிரவன் ஒருவன்தான். அவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது பைக் வேண்டும் என்றான். என் சம்பளச் சான்றிதழைக் காட்டிக் கடன் வாங்கினேன். வண்டி என் பெயரில் பதிவானது. பதிவில் கொடுத்ததும் என் கைப்பேசி எண்தான்; அதை அவன் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டே அவன் படிப்பை விட்டான். எனக்குத் தெரியாமல் விட்டான். அது தெரியவந்த நாள் அவன் அப்பாவின் திதி நாள். உறவினர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் நான் சொன்னேன்: "உங்கப்பா இருந்திருந்தா இதப் பாத்தே செத்திருப்பாரு."

அவன் கையில் இருந்த பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாள் விடியற்காலையில் வண்டியோடு போய்விட்டான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான் என்று பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். என் அழைப்புகளை அவன் எடுக்கவே இல்லை. நேரில் போய் நிற்க எனக்குத் துணிவு இல்லை. அந்தச் சொல்லைச் சொன்ன வாயோடு எப்படிப் போய் நிற்பது?

இப்படியிருக்கும்போதுதான் முதல் செய்தி வந்தது. வேக வரம்பை மீறியதற்கு அபராதம். கூடவே ஓர் இணைப்பு. திறந்தேன்.

கதிரவன்!

ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா… முகத்தில் தேடினேன். படத்தின் கீழே அவன் வந்த வேகம் போட்டிருந்தது. பெருவிரலால் அதை மறைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தேன்.

அன்று மாலையே அபராதத்தைக் கட்டினேன். யாருக்கும் தெரியாது.

அதன்பின் அவ்வப்போது வந்தன. கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஒரு கேமரா, பாலக்காட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்று. ஒரு படத்தில் மழையில் நனைந்திருந்தான். ஐப்பசி மழையில் இப்படியா போவது, சளி பிடிக்குமே என்று வாய்விட்டுப் புலம்பினேன். தீபாவளியன்று எடுத்த படத்தில் புதுச்சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இன்னொரு படத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். எண்பதைத் தாண்டிய வேகத்தில் சாலையைப் பார்க்காமல் சிரிக்கிறான்… எனக்கோ அந்தச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது.

செய்தி வராத வாரங்களில் தவித்தேன். ஒரு தாய் தன் மகன் சட்டத்தை மீறவில்லையே என்று தவித்திருக்கிறாளா? நான் தவித்தேன்.

எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ரஹ்மத். பாலக்காட்டுக்காரர், கணவர் வீட்டார் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர் மகனின் வண்டிக்கும் இதே போல் ஒரு செய்தி வந்தது. அவர் அதை ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் சத்தம் போடவே இல்லையாம். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினாராம்.

"இது வாப்பாக்கு நீ செத்துக் கெடக்குற மய்யித்து போட்டோவா வந்திருந்தா என்ன பண்றதுன்னு மட்டும் கேட்டேன் டீச்சர்," என்றார். "அப்புறம் பய மெதுவாத்தான் போறான். கேமரா இல்லாத ரோட்லயும்."

நல்லது என்று தலையாட்டினேன். என் பையிலிருந்த கைப்பேசியில் அப்போது திறக்காத ஒரு செய்தி இருந்தது. அதை வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன்.

ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். "உன் படம் வந்தது, மெதுவாகப் போ." அவ்வளவுதான். ஆனால் அனுப்பினால் என்ன ஆகும்? வேவு பார்க்கிறாளே என்று இன்னும் வெறுப்பான். வண்டியையும் என் வாசலில் போட்டுவிட்டுப் போவான். அல்லது உண்மையிலேயே மெதுவாகப் போவான். இரண்டில் எது நடந்தாலும் படம் நின்றுவிடும். என் பிள்ளையின் உயிரையும் என் ஏக்கத்தையும் தராசில் வைத்தேன். எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவன் பெயர் ஒளிர்ந்தது. ஓராண்டுக்கும் மேலாக நான் காத்திருந்த அழைப்பு! எடுத்து "கண்ணு" என்றேன்.

வேறு யாரோ பேசினார்கள். கொழிஞ்சாம்பாறைச் சாலையில், பால் சொசைட்டிக்கு முன்னால் விபத்து என்றார்கள்.

கதிரவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். அவன் வண்டி மோதியது செல்லம்மாள் என்ற பெண்மீது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு சாலையைக் கடந்தவர். இடுப்பும் வலது காலும் நொறுங்கியிருந்தன.

மருத்துவமனையில் கதிரவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனை இழந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக. கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அந்தக் கேமராவப் பாத்தா இன்னும் கொஞ்சம் முறுக்குவேன்மா. அத்தன வேகத்துல போனா படம் உழுகாதுன்னு பசங்க சொல்வாங்க. அவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் வந்திருக்கு. எனக்கு ஒருக்காக்கூட வந்ததில்ல. நெசந்தான்னு நம்பிட்டேன்."

கேமராவைக் கண்டால் அவன் வேகத்தைக் கூட்டியிருக்கிறான்.

அந்தச் சொசைட்டிக்குச் சற்று முன்னால்தான் கம்பத்தில் கேமரா இருக்கிறது. அதைத் தாண்டுவதற்காக முறுக்கிய வேகத்தில்தான் செல்லம்மாள்மீது போய் மோதியிருக்கிறான். ஏனென்றால் அவனுக்கு ஒரு நோட்டீசும் வந்ததில்லை. ஏனென்றால் எல்லா நோட்டீசும் என்னிடம் வந்தன!

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். "வந்ததுடா, எல்லாம் எனக்கு வந்தது" என்று சொல்லியிருக்கலாம். அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "தூங்கு" என்றேன்.

சில நாள் கழித்து அந்தக் காலையின் செய்தியும் என் கைப்பேசிக்கு வந்தது. அதன் படத்தை மட்டும் நான் திறக்கவில்லை. திறக்காமலே அபராதத்தைக் கட்டினேன்.

செல்லம்மாளைப் பார்க்கப் போனேன். அவர் கணவர் மாறனுக்குக் கோபம் வரும், திட்டுவார், அடிக்கக்கூட வரலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையனுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். செல்லம்மாள் படுத்தபடியே பேசினார்.

"ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டுத்தானுங்க டீச்சர் எறங்குனேன். வண்டி அத்தாந்தூரத்துல இருந்துச்சுங்க. ரெண்டு எட்டு வெக்கறதுக்குள்ள மேல வந்துருச்சு."

நான் அழுதேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா உடுவாங்களா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்ததை எப்படி எழுதுவது… அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்! நான் அதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழக்கு நடக்கிறது. கதிரவனின் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செல்லம்மாள் இப்போது கோல் ஊன்றி வாசல்வரை வருகிறார்; மாடுகளை விற்றுவிட்டார்கள். கதிரவன் வீட்டுக்கே வந்துவிட்டான். அந்தப் பைக்கை அவன் மறுபடி தொடவில்லை. பஸ்ஸில் போய் வருகிறான். ஞாயிறுதோறும் செல்லம்மாள் வீட்டுக்குப் போய் அவர்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறான். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். முழுப் பழியையும் தானே சுமக்கிறான். அதில் பாதி என்னுடையது என்று சொன்னால் அவன் தோள் கொஞ்சம் இறங்குமோ என்னவோ. சொன்னால் மறுபடி போய்விடுவான்.

பாருங்கள், காரணம் மாறவே இல்லை. அன்றும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் மறைத்தேன். இன்றும் அதற்காகத்தான் மறைக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் கதிரவனைப் பேச அழைத்தார். வேண்டாம் என்று தடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவன் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினான். செல்லம்மாளின் காலைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ரஹ்மத் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவில் ஒரு மாணவி எழுந்து, ரோட்டில் இருக்கும் கேமராக்கள் உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கேட்டாள்.

கதிரவன் யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தான் போலும்.

"எனக்குத் தெரிஞ்சு செய்யாதுங்க. எத்தனையோ தடவ வேகமாப் போயிருக்கேன், ஒருக்காக்கூட என்னைப் புடிச்சதில்ல. அத நம்பாதீங்க. நீங்களே பாத்து மெதுவாப் போங்க."

கடைசி வரிசையில் இருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவன் பேச்சு முழுவதிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான் என்று எனக்குப் பட்டது. நான் மேடையில் இருந்தேன். ஒலிபெருக்கி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுந்து நன்றியுரை கூறினேன். நன்றாகவே கூறினேன், பலர் பாராட்டினார்கள்.

பஸ்ஸுக்காக நடந்து வரும்போது கதிரவன் கேட்டான்.

"கேமராவப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோம்மா?"

"உனக்குத் தெரிஞ்சதத்தான கண்ணு சொன்ன," என்றேன்.