இழைமணியும் நான் கொடுத்த கஞ்சியும்

விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு மகனின் இரத்தம் எடுக்க வந்தவர், உடம்புக்குச் சக்தி எப்படி உண்டாகிறது என்று ஆராய்கிற டொக்டர் அம்மா. மெலிந்தவர், காதில் தோடுகூட இல்லை. யாரையும் தொடுமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

மகன் பத்தடி நடந்தாலே களைத்து உட்கார்ந்துவிடுவான். போரில் இடம்பெயர்ந்து ஓடிய மாதங்களில், சிறுவனாயிருந்த அவனுக்கு வெறுங்கஞ்சிதான் கொடுத்தேன். அதனால் வந்த நோய் என்று நினைத்து, மே மாதத்தில், போரில் இறந்தவர்களின் நினைவுக்கு ஊரார் காய்ச்சும் கஞ்சியைக்கூட நான் வாங்குவதில்லை.

"டொக்டர், நான் குடுத்த கஞ்சியாலயோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லை அம்மா. சாப்பாட்டைச் சக்தியாக்கிற இழைமணி எண்டு ஒண்டு உடம்பு முழுக்க இருக்கு. இவருக்கு அதிலதான் பிழை எண்டு முந்தின சோதனையில தெரிஞ்சுது."

"அந்தப் பிழை எங்கயிருந்து வந்தது?"

கைகளைத் தேய்த்துச் சூடாக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயிட்ட இருந்துதான் வாறது. உங்களுக்கும் உங்கட அம்மா தெரியாமல் தந்ததுதான். ஆரிலயும் குற்றமில்லை."

"காணி அப்பான்ர, களைப்பு அம்மான்ர," என்று மகன் சிரித்தான்.

"மருந்து இருக்கோ?"

"இன்னும் இல்லை அம்மா. தேடுறம்."

கஞ்சியால் இல்லை என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை, முழு உண்மையையும் தாங்கக்கூடியவளாக அவர் எண்ணினார். அன்று அழுதேன். ஆனாலும் அப்படியொரு மதிப்பை எனக்கு வேறு எவரும் தந்ததில்லை.