கருவாட்டுக் களத்தில் மூன்று கால் குழாய்

சனிக்கிழமைதோறும் பொழுது சாயும்போது அவர் வருவார். ஒல்லியான ஆள், கட்டம் போட்ட சட்டை. நாங்கள் கருவாடு காயப்போடும் களத்தின் ஓரத்தில் மூன்று கால் குழாயை நிறுத்துவார். கடலுக்கு முதுகைக் காட்டி, குழாயில் கண்ணை வைத்து நிலத்துப் பக்கமே பார்ப்பார். பார்த்ததும் நோட்டில் வரைவார். முன்பு இப்படித்தான் யாரோ வந்து அளந்தார்கள். பக்கத்துக் களம் லாரி நிற்கும் இடமாகிவிட்டது. எங்களிடம் பட்டாவும் இல்லை.

சில மாதம் பொறுத்தேன். ஒருநாள் நோட்டைப் பிடுங்கினேன்.

“யாருக்குய்யா எங்க எடத்த அளக்கீரு?”

“எடத்த இல்லம்மா, வானத்து வெள்ளியப் பாக்கேன்.”

எனக்குப் பேர் எழுத மட்டும்தான் தெரியும். படம் புரியாதா? பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முதலில் சின்ன முழு வட்டம். போகப்போகப் பெரிதாகி, கடைசியில் பிறை. எங்கள் களம் எங்குமில்லை.

“வெள்ளி சூரியனச் சுத்துனாத்தான் இப்படித் தெரியும். இதையும் பாத்துத்தான் அந்தக் காலத்துல, சூரியன்தான் நடுவுலன்னு ஒத்துக்கிட்டாங்க.”

“அவுகதான் பாத்துட்டாகள்லா, நீரு எதுக்குப் பாக்கீரு?”

“அடுத்தவன் சொன்னா எப்படிம்மா நம்புறது?”

என்னைவிடச் சந்தேகக்காரர் ஒருவரை அன்றுதான் கண்டேன். மறுவாரம் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். நோட்டை மட்டும் வாரம் தவறாமல் வாங்கிப் பார்த்துக்கொண்டேன்.