தை ஒன்றாம் தேதியைக் கிழிக்காத வீடு

அன்பு மகள் சுமதிக்கும் அன்பு மகன் கணேசனுக்கும், அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் எட்டாவது வரை படித்தவன். முப்பது வருடத்துக்கு மேல் அரசு பஸ் ஓட்டியவன். மலருக்கு யாராவது வாத்தியாரிடம் எழுதி வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சுமதிதான் போனில், "வேற யாரு எழுதினாலும் அம்மாவப் பத்தி எழுதின மாதிரி இருக்காதுப்பா, நீங்களே எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் உங்கள் அம்மாவை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டேன். இதில் 'அவர்', 'வந்தார்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அவர் இதைப் படித்திருந்தால், "யாரப் பத்தி எழுதியிருக்கீக?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அவருடைய அப்பா இரண்டு எருமையும் ஒரு பசுவும் வைத்து, பால்கோவா போடுகிறவர்களுக்குப் பால் ஊற்றி வந்தார். தீபாவளி, பொங்கல், ஆடித் தேர் என்று எது வந்தாலும் அந்த வீட்டில் வேலை இரட்டிப்பாகிவிடும். ஊரில் எல்லாரும் புதுத்துணி கட்டித் தெருவில் நிற்கும்போது, அம்மா தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டு இருப்பார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியதும் அந்தப் பால் வேலைக்காகத்தான்.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்த புதிதில் ஒருநாள், உனக்கு என்ன ஆசை என்று கேட்டேன். சேலை, கம்மல் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு நல்லநாளுக்கு எல்லாரும் வீட்டுல இருக்கணும். திங்கணும், செத்த நேரம் தூங்கணும், பொறவு எந்திரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அப்படி ஆசைப்பட்டவர் வாழ்க்கைப்பட்டது பஸ் ஓட்டுகிற எனக்கு. ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்களுக்கு ஸ்பெஷல் பஸ். சென்னையில் இருக்கிற தென்காசிக்காரர்களையும் ராஜபாளையத்துக்காரர்களையும் பொங்கலுக்கு வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, உடனே திரும்பிப் போய் அடுத்த கூட்டத்தை ஏற்ற வேண்டும். பண்டிகை முடிந்ததும் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அது வேலை. அதில்தான் சாப்பிட்டோம்.

கல்யாணமான வருடம் பொங்கல் கழிந்து நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"பொங்கல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலையே" என்றார் அம்மா.

"ஊரே முடிஞ்சுபோச்சேட்டி."

"ஊருக்கு முடிஞ்சிருக்கும். நம்ம வீட்டுக்கு வரல. கேலண்டரப் பாருங்க."

சுவரில் தினம் கிழிக்கும் கேலண்டர் தை ஒன்றாம் தேதியில் நின்றது. அம்மா அதைக் கிழிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் வாசலில் புதுக்கோலம் போட்டு, பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டி, அடுப்பு மூட்டினார். பால் பொங்கி வழிந்து குலவை போட்டு முடித்த பிறகு, உள்ளே போய் நாலு தாளையும் ஒரே பிடியாகப் பிடித்துக் கிழித்தார்.

நம் வீட்டு வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த பிறகு, அந்தக் கத்தைத் தாளை யார் கிழிப்பது என்று வருடா வருடம் சண்டை போட்டது உங்களுக்கே நினைவிருக்கும்.

அடுத்த வீட்டு அக்காவை எல்லாருக்கும் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நம் வாசலில் புகையைப் பார்த்ததும் வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். "ஏம்மா, ஊரெல்லாம் பொங்கித் தின்னு பானையக் கழுவிக் கவுத்தாச்சு. நீ இப்பத்தான் அடுப்பு மூட்டுதியா? சூரியனுக்கு எந்த நாளுன்னு ஒரு கணக்கு வேண்டாமா?"

"எங்க வீட்டுச் சூரியன் இன்னைக்குத்தான்க்கா சென்னையிலருந்து வந்து எறங்கியிருக்கு. கண்ணப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குன்னு" என்று அம்மா என்னைக் காட்டுவார். கண் முழித்து ஓட்டி வந்தவன் கண் வேறு எப்படி இருக்கும். அக்கா சிரித்துக்கொண்டே போய், தன் பங்குக்கு ஒரு கிண்ணத்தோடு திரும்பி வருவார். ராஜபாளையத்தில் வருடத்துக்கு இரண்டு பொங்கல் சாப்பிட்டது அவர் ஒருவர்தான்.

கணேசா, நீ நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் திறந்த பிறகு நம் பொங்கல் வந்தது. புதுச்சட்டையோடு போன உன்னிடம் வாத்தியார், "என்னலே, பொறந்தநாளா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், பொங்கல்" என்றாயாம். "அது போன வாரமே போயிருச்சேலே!" "எங்கப்பா நேத்துதான் சார் வந்தாக." வகுப்பே சிரித்திருக்கிறது. நீ அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, இனிமேல் ஊரோடு சேர்ந்துதான் பொங்கல் வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். இது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா உன்னை அடிக்கவில்லை. "சரிலே, ஊரோட வச்சிருவோம். அப்பாவுக்கு ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வச்சிருவோம். அவுக வந்து ஆறிப்போனதத் தனியா உக்காந்து தின்னுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகட்டும். என்ன?" என்று கேட்டிருக்கிறார். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேண்டாம்" என்றாயாம். அந்த ஒரு சொல்லை அம்மா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ஒரே ஒரு வருடம் நான் சரியான நாளில் வந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர், "வீட்டுக்குப் போங்கண்ணே, இந்த டிரிப்ப நான் பாக்கேன்" என்று என் டூட்டியை வாங்கிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு கட்டுக் கரும்பு வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். வீட்டில் பாதிச் சுவருக்குத்தான் வெள்ளை அடித்திருந்தது. பானை சட்டியெல்லாம் வாசலில் கிடந்தன. போர்வை எல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்றார்.

"யாரு உங்கள இன்னைக்கு வரச் சொன்னா?" என்றார்.

"இன்னைக்குப் பொங்கல்ட்டி."

"அது ஊருக்கு! நமக்கு வியாழக்கிழமைல்லா? ஒரு வீட்டுக்கு இப்படியா சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கது?"

சொல்லிவிட்டு, அந்த மட்டையை அப்படியே வாளியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு நாம் சாப்பிட்டது பழைய சோறும் கத்தரிக்காய் வத்தக்குழம்பும். மிச்சச் சுவருக்கு நான்தான் வெள்ளை அடித்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இந்த வீடு என்னைக்குத்தான் உருப்படுமோ" என்று தன் வீட்டுப் பொங்கலை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்பினார்.

என் சம்பளம் போதாத வருடங்களில் அம்மா வீட்டில் இருந்தபடியே பேண்டேஜ் துணி சுருட்டும் வேலை பார்த்தார். உரல் ஆட்டி அம்மி அரைத்த கைக்கு அந்த மெல்லிய துணி வராது என்று அவரே சொல்வார். ஆனால் அவர் சுருட்டினால் ஓரம் பிசகாது. சுமதி நர்ஸ் ஆனதே அந்தத் துணிக் காசில்தான். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் அவள், "ஒவ்வொரு பேண்டேஜ் பிரிக்கும்போதும் இது அம்மா சுருட்டினதா இருக்குமோன்னு பாக்கேன்" என்று சொன்னதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே அழைத்துவந்து, கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்தார். அந்த நாட்களில்கூட நம் பொங்கல் தவறவில்லை. தாத்தாவையும் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தோம்.

நான் ஓய்வு பெற்றதும், இனிமேல் ஊரோடு சேர்ந்து பொங்கல்தான் என்று நினைத்தேன். நடக்கவில்லை. சுமதிக்குப் பண்டிகை நாளில் டூட்டி. கணேசன் ராணுவத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான். தை பிறந்ததும் நான் கேலண்டரைக் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "உங்களுக்காக எத்தன வருசம் காத்துக் கெடந்தோம்? இப்ப பிள்ளைகளுக்காக நீங்க காத்துக் கெடங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, காத்திருக்கிறவர்களுக்கு நாள் எப்படிப் போகும் என்று.

சென்ற ஆண்டு தை மாதம் உங்கள் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. நாலு நாள். தாள் ஆறு சேர்ந்த பிறகு பொங்கல் வைத்தோம். அம்மாவை எந்த வேலையும் செய்யவிடக் கூடாது என்று நீங்கள் இருவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள். கணேசன் அடுப்பு மூட்டினான். சுமதியைக் கட்டிய மாப்பிள்ளை தேங்காய் துருவினார்.

"ஏலே, வெறகத் திணிக்காத, மூச்சு விட எடம் குடு. பட்டாளத்துல இதுகூடச் சொல்லிக் குடுக்கலையா?"

"பட்டாளத்துல குக்கர்ம்மா."

"மாப்பிள்ள, சிரட்டையையும் சேத்துத் துருவிராதீக."

நாற்காலியில் இருந்தபடியே மொத்த வேலையையும் அவர்தான் செய்தார் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் பிளவக்கல் அணைக்குப் போய்வரலாம் என்று கணேசன் வண்டிக்கே சொல்லிவிட்டான். அம்மா வேண்டாம் என்றார். "அணை எங்க போயிரும்? வீட்டுல இருக்கத்தானலே லீவு." அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லாரும் தூங்கிவிட்டீர்கள். அம்மா மட்டும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, தூங்கலையா? அதுக்குத்தான ஆசப்பட்ட?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூங்கிட்டா பாக்க முடியாதுல்லா" என்றார். பிறகு உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே, "போதும்ங்க. ஆண்டவன் நெறையத்தான் குடுத்திருக்கான்" என்றார்.

நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். அந்த மத்தியானம் இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து வந்த மாசியில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இங்கே பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோனோம். சுமதி பக்கத்திலேயே இருந்தாள். நினைவு தெளிந்த ஒரு நேரத்தில், "கணேசனுக்கு லீவு கெடச்சிருச்சா?" என்று கேட்டார். "கெடச்சிருச்சு, வந்துக்கிட்டு இருக்கான்" என்றேன். "எத்தன நாளு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து போன் போட்டேன். நான் திரும்பி உள்ளே போகும்போது அம்மா பேசும் நிலையில் இல்லை.

அன்றைக்கு வண்டி பிடித்துக் கொடுத்து, கூடவே மதுரை வந்து நின்ற டெப்போ நண்பர்களுக்கும், தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு நம் வீட்டுக்கு நாட்கணக்கில் சோறாக்கிப் போட்ட அடுத்த வீட்டு அக்காவுக்கும், முன்னின்று எல்லாக் காரியங்களையும் செய்த ஸ்ரீவில்லிபுத்தூர் மைத்துனருக்கும், பார்த்த டாக்டர், நர்ஸ்களுக்கும், தூரம் பாராமல் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறது.

வருடம் திரும்பாத வீட்டில் பண்டிகை கிடையாது. அதனால் இந்தத் தையில் நாம் பானை வைக்கவில்லை. நீங்களும் வரவில்லை. நான் வரச் சொல்லவும் இல்லை. ஊரில் குலவைச் சத்தம் கேட்டது. அக்கா, இந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது கரும்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனார். நான் உள்ளே போய்க் கேலண்டர் முன்னால் நின்றேன். கை வைத்தேன். கிழிக்க வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன மாமா, தேதி தையிலயே நிக்கி?" என்று கேட்கிறார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளே, இந்த மலரை வாங்கும்போது நீங்கள் நம் வீட்டில்தான் இருப்பீர்கள். திவசம் முடிந்து சாயங்காலமே புறப்பட இருவரும் டிக்கெட் எடுத்திருப்பதாகத் தெரிகிறது. உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாவிடம், மறுநாள் பானை வைக்கலாமா என்று கேட்டேன். "தலைத்திவசம் முடிஞ்சா தோஷம் இல்ல மச்சான். ஆனா மாசியில எவன் பொங்கல் வைப்பான்?" என்றார். "உன் தங்கச்சி வீட்டுல எப்பவுமே அப்படித்தானப்பா" என்றேன். அவர் வரும்போது எருமைப்பால் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பச்சரிசியும் வெல்லமும் வாங்கிவிட்டேன். செங்கரும்பு இந்த மாதத்தில் எங்கேயும் இல்லை. பஸ் ஸ்டாண்டு கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் இரண்டு வெள்ளைக் கரும்பு சொல்லிவைத்திருக்கிறேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பானை, அம்மா கழுவிக் கவிழ்த்துவைத்த இடத்திலேயே இருக்கிறது. கேலண்டரில் தாள்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. என் ஒரு கைக்கு அடங்காது. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் சேர்ந்து பிடித்தால்தான் கிழியும்.

எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு நாள் இருங்கள். அது போதும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுங்கள். இந்தத் தடவை நான் தூங்கமாட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா