செல்லப்பா இளைத்த கதை

செல்லப்பாவை முதன்முதலில் பார்க்கிற யாரும் அவனைப் பயந்தவன் என்று நினைக்க மாட்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயமும் தக்காளியும் விற்றுக்கொடுக்கிற கமிஷன் கடை அவனுடையது. அவன் ஏலம் கூறினால் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். ஆள் தொண்ணூற்று நாலு கிலோ. ஓணத்துக்கு முன்னால் கேரளா லாரிகள் வரிசையாக நிற்கும்போது அவன் ஒரு அதட்டல் போட்டால் போதும், டிரைவர்கள் தானாக வண்டியைப் பின்னால் எடுப்பார்கள். ஆனால் ஊசி என்றால் ஆளைக் காண முடியாது. எட்டாம் வகுப்பில் தடுப்பூசி போட வந்த அன்று பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்து ஓடியவன் அவன். நானும் கூடக் குதித்தேன், அது வேறு விஷயம். கொரோனா ஊசி போட்டபோது நாற்பத்து நாலு வயது ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி வடிவு பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

வடிவம்மாள் என்பது முழுப்பெயர். குத்துக்கல்வலசையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். என் மனைவி ஜெஸி அதே பள்ளியில் டீச்சர். எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெரு. நான் கிங்ஸ்லி, மார்க்கெட்டுக்கு எதிரில் உரக்கடை வைத்திருக்கிறேன். செல்லப்பாவுக்கும் வடிவுக்கும் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, அவர்கள் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நானும் ஜெஸியும் வாரத்துக்கு இரண்டு தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொள்வோம். எங்களுக்குள் மறைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வடிவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். அவள் தம்பிக்குச் சர்க்கரை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. கிட்னி கொடுப்பதற்கு மிச்சம் இருந்தது செல்லப்பா மட்டும்தான். ஒருநாள் கடையை அடைத்துவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டான். சாயங்காலம் வந்து, "எனக்கு ஒத்து வராதுன்னு சொல்லிட்டாங்க வடிவு" என்றான். அவள் சரி என்று சொல்லி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து அவன் பையைத் துவைக்க எடுத்தபோது டாக்டர் எழுதிய தாள் அவள் கையில் கிடைத்தது. ரத்தம் பொருந்துகிறது. எடை பதினைந்து கிலோ குறைய வேண்டும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர வேண்டும், வந்தபின் மறுபடியும் பார்க்கலாம். அவ்வளவுதான் அதில் இருந்தது. அவள் படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"ஏட்டி ஜெஸி, அவரு பயந்துட்டாரு. பயப்படுத மனுசன்கிட்ட போயி எப்படிட்டி கேக்க?" என்று அவள் சொன்னதை ஜெஸி அன்றைக்கே என்னிடம் சொன்னாள். சொன்ன கையோடு, வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. சத்தியம் தடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கு எதற்கு என்றுதான் இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் அக்டோபரில் முகம்மது யூசுப் ஒரு கிறுக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். தென்காசியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற யூசுப்பும் எங்கள் கூடப் படித்தவன்தான். ஊரில் ஓடுகிறவர்கள் சிலர் சேர்ந்து, வருகிற ஜூன் மாதம் அருவி சீசனில் அரை மாரத்தான் நடத்தப் போகிறார்களாம். தென்காசியில் தொடங்கி, குத்துக்கல்வலசை வழியாக இலத்தூர் போய்த் திரும்பி, தென்காசியைத் தாண்டிக் குற்றாலத்தில் முடிகிற இருபத்தொரு கிலோமீட்டர். யூசுப் என்னைத்தான் கூப்பிட வந்தான். என் கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த செல்லப்பா, கையில் இருந்த பாதி வடையைத் தாளில் வைத்துவிட்டு, "என்னையும் சேத்துக்கோங்கலே" என்றான். நாங்கள் சிரித்த சிரிப்பில் உரம் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

முதல் நாள் அவனால் இரண்டு மின்கம்பத்துக்கு மேல் ஓட முடியவில்லை. மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "கம்பத்த விட்டுருலே, அதுக்கும் மூச்சு முட்டுது" என்றான் யூசுப். ஒரு வாரத்தில் நின்றுவிடுவான் என்று நினைத்தோம். அவன் நிற்கவில்லை. மழையிலும் வந்தான். கார்த்திகையில் வெங்காய விலை ஏறி மார்க்கெட்டே தலைகீழாக நின்றபோதும் காலை ஐந்தரைக்கு என் வாசலில் வந்து நின்றான். பொங்கலுக்குள் பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் போயிற்று. லோடுமேன்கள், "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு, சீக்கா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

அவன் எதற்காக ஓடுகிறான் என்று எனக்கும் தெரியும், ஜெஸிக்கும் தெரியும், வடிவுக்கும் தெரியும். அவன் மட்டும் அது தன்னுடைய ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வடிவு வாயால் ஒன்றும் சொல்லாமல் சமையலை மாற்றினாள். "எனக்குத்தான் உப்பும் எண்ணெயும் ஆகாதே, தனித்தனியா வைக்க முடியல, நீங்களும் இதையே சாப்பிடுங்க" என்றாளாம். அவனும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டான்.

"தினமும் விடியக்காலம் எடை மிஷின்ல ஏறி நிக்குதாரு ஜெஸி. நான் தூங்குத மாதிரி கண்ண மூடிக்கிட்டு கெடப்பேன். எறங்கி வரும்போது காலடி வச்சே கொறஞ்சிருக்கா இல்லையான்னு கண்டுபிடிச்சிருவேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். நீயே பேசிவிடேன் என்று ஜெஸி சொன்னதற்கு, "வேண்டாம்ட்டி. அன்னைக்குப் பொய் சொன்னத நெனச்சு கூசிப் போயிருவாரு. தானா வந்து சொல்லட்டும்" என்றாளாம். அவள் முகம் அந்த நாட்களில் தெளிவாக இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில்கூடத் தெருவில் நின்று என்னிடம், "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு தூரம் ஓடுனிய?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கானது அல்ல என்று தெரிந்தே பதில் சொல்வேன்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரம் மலையில் பெய்த மழையில் அருவியில் வெள்ளம் வந்து, குற்றாலத்துக்குள் யாரையும் விடவில்லை. ஓட்டத்தை ஆகஸ்ட் கடைசி ஞாயிறுக்குத் தள்ளி வைத்தார்கள். நானும் யூசுப்பும் சரி, இன்னும் கொஞ்சம் பழகலாம் என்று இருந்தோம். செல்லப்பா கத்தினான். நடத்துகிறவருக்குப் போன் போட்டு, மழையைப் பற்றி முன்னாலேயே யோசிக்க வேண்டாமா என்று சண்டை பிடித்தான். "ஒனக்கு என்னலே, ஒலிம்பிக்கா தள்ளிப் போச்சு?" என்று நான் கேலி செய்தேன். 

ஜூலை பாதியில் வடிவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். அந்த உடம்பில் எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். செல்லப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில், தொளதொளவென்று ஆகிவிட்ட சட்டையில், யார் யாரோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றான். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவனைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பாதியா இளைச்சிட்டியளே, கவலையா?" என்று கேட்டார்கள். அவர்களை அடித்து விரட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு என் வாசலில் வந்து நின்றான். நான் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பெண்டாட்டி போய் ஒரு மாதம் ஆகவில்லை, ஓட்டம் என்ன வேண்டியிருக்கிறது என்று மார்க்கெட்டில் பேசினார்கள். பேசட்டும்.

ஓட்டத்தன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். யூசுப் இலத்தூரில் திரும்பும்போதே எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டான். செல்லப்பாவால் அவனையும் தாண்டிப் போயிருக்க முடியும். எழுபத்தாறு கிலோவில், மூச்சு வாங்காமல், என் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். தென்காசியைத் தாண்டிக் குற்றாலம் ரோட்டில் பதினேழாவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்காரவைத்து, காலை மடியில் தூக்கி வைத்து நீவிவிட்டான். பிறகு இரண்டு பேரும் நடந்தோம். அப்போதுதான் சொன்னான்.

"கிங்ஸ்லி, எனக்கு ஒத்து வராதுன்னு நான் சொன்னது பொய்லே. எடையக் கொறச்சிட்டு வான்னுதான் சொன்னாங்க. வெட்டித் திறப்பாங்கன்னு பயந்துட்டேன்."

நான் அப்போதுதான் கேள்விப்படுகிறவனைப் போல அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பெறவு பொறுக்க முடியல. அவ ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் புடைச்சுப் போயி வருதா. நான் அவளுக்கு எதுக்க உக்காந்து சோறு திங்குதேன். அதுக்குத்தான் ஓட வந்தேன். மே மாசமே எல்லா டெஸ்டும் முடிஞ்சிட்டு. நீங்க கொடுக்கலாம், வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க."

மே மாதம். இது எனக்குத் தெரியாது. ஜெஸிக்கும் தெரியாது. வடிவுக்கும் தெரிந்திருக்காது.

"மே மாசமேவா? ஏன்லே சொல்லல?" என்று ரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"ஜூன்ல ஓட்டம் இருந்துச்சுல்லா. ஒரு மாசம்தானேன்னு நெனச்சேன். ஓடி முடிச்சிட்டு, அந்த மெடல அவ கையில கொடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன். வெறுங்கையோட போயி, ஒங்கிட்ட பொய் சொன்னேன் வடிவுன்னு எப்படிலே சொல்ல? அப்புறம் தள்ளி வச்சிட்டாங்க."

மெடல் என்பது கழுத்தில் மாட்டுகிற ஒரு தகரத் துண்டு. அதற்காக இவன் காத்திருந்தான். இவன் வாயைத் திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். சத்தியத்தைக் கட்டிக்கொண்டு நான் காத்திருந்தேன். மே மாதத்தில் ஒரே ஒரு நாள் நான் என் வாயை அடக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் வடிவு இன்றைக்கு இருந்திருப்பாள் என்று தோன்றியது. ஒருவேளை இருந்திருக்க மாட்டாள். ஆனாலும் அப்படித்தான் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அவளுக்கு எல்லாம் தெரியும்லே, நீ அவளுக்காகத்தான் ஓடுகிறாய் என்று தெரிந்து சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுதான்லே ஆறுதல். நான் பயந்து பொய் சொன்னது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எம் புருஷன் கொடுக்கத்தான் நெனச்சாரு, ஒடம்பு ஒத்துக்கல, அப்படின்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா. அது போதும் எனக்கு."

எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அவள் அறிந்திருந்தாள் என்று சொன்னால் அவள் சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும், இந்த ஆறுதல் போய்விடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குகிற வேலை. அதைச் செய்ய என்னால் முடியவில்லை. "ஓடுவோமாலே?" என்றான். ஓடினோம்.

குற்றாலத்தில் எல்லைக்கோட்டருகே ஜெஸி குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் எங்கள் கழுத்தில் மெடலை மாட்டி, "சூப்பர் சார், உங்க வயசுக்கு செம ஃபிட்" என்று செல்லப்பாவிடம் சொன்னாள். அவன் மெடலைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு நேராக ஜெஸியிடம் போனான்.

"ஜெஸி, ஒரே ஒரு விஷயம் கேக்கணும். வடிவு ஒங்கிட்ட எல்லாம் சொல்லுவாளே. நான் கிட்னி கொடுக்க முடியாம போனதப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாளா?"

ஜெஸி பொய் சொல்ல மாட்டாள். மாணவன் மார்க்கில் அரை மார்க் கூட்டிப் போட மாட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று தலையை அசைத்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"சொன்னா அண்ணே. அவரு கொடுக்கத்தான் நெனச்சாரு, ஒடம்புதான் ஒத்துக்கல, பாவம்னு சொன்னா."

செல்லப்பா அப்படியே தரையில் குந்தினான். இத்தனை நாளும் அழாதவன், அத்தனை பேர் நடுவில், தோள் குலுங்க அழுதான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அழுகை நின்றதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேளை" என்றான்.

"ஆமா" என்றாள் ஜெஸி.